சுட்ட வாளைக் கருவாடு

அண்ணி, இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வாளைக் கருவாடு சுட்டாள். தணலில் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சுவரைத் தாண்டி என் அடுப்படிக்கு வந்துவிட்டது வாசனை. நான் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்து, வர வேண்டியவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள், இந்த ரேஷன் மட்டும் போக மாட்டேன் என்கிறது. முறத்தைக் கீழே வைத்தேன். அதற்கப்புறம் கை வேலைக்கு வரவில்லை.

அவளுடைய நைனா செத்து வருஷம் திரும்புகிறது. படையல் போடுகிறார்கள். வாசற்படியில் நின்று பார்த்தேன். இலையில் களி உருண்டை, கருவாடு, சந்தை முறுக்கு, ஒரு கட்டு பீடி, தீப்பெட்டி, எங்கேயோ ஒளித்துப் பிடித்த கொஞ்சம் சாராயம். பச்சையம்மாவின் தம்பி பீடியை வலது பக்கம் வைத்தான். அவள் அவன் கையைத் தட்டி, நைனா இடது கையாலதான் புடிப்பாரு, அந்தப் பக்கம் வை என்று அதட்டினாள். அவன் மாற்றி வைத்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது அண்ணி, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு குடிகாரக் கிழவனுக்குப் பிடித்தது இன்னதென்று ஒரு வீடே தெரிந்து வைத்திருக்கிறது.

நம் வேதத்தில் படையல் கிடையாது. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றலாம், பூ வைக்கலாம், உன் பேருக்குப் பூசை வைக்கலாம். எல்லாம் செய்தாயிற்று. நீ எந்தக் காலத்தில் மெழுகுவத்தி வேண்டுமென்று கேட்டாய்?

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் போட்ட கார்டையெல்லாம் நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன், இதையும் நானே எழுதி நானே படித்துக்கொள்ள வேண்டியதுதான். பெரியவர்களுக்கு எழுதும்போது ‘நீங்கள்’ போட வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி அம்மா சொல்லிக் கொடுத்தார். வாயில் வராத மரியாதை கையில் மட்டும் எங்கிருந்து வரும்? உன்னை நீ என்றே கூப்பிட்டேன், நீ என்றே எழுதுகிறேன்.

நீ நம் வீட்டுக்கு வந்த புதிதில் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனைக் கொத்திக்கொண்டு போக வந்தவள் என்று நினைத்தேன். ஊரில் உள்ள நாத்தனார் எல்லாம் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். ஒரு நாள் அண்ணனும் அம்மாவும் சாப்பிட்டு எழுந்து போன பிறகு அடுப்படியில் ஏதோ புகைகிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். நீ அடுப்பிலிருந்து தணலை முன்பக்கம் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஒரு முழம் வாளைக் கருவாட்டை வைத்து, விரல் நுனியால் புரட்டிக்கொண்டிருந்தாய். வெந்ததும் தரையில் தட்டிச் சாம்பலை உதிர்த்தாய், ஊதினாய், முள்ளை ஓர் இழுப்பில் உருவினாய். அப்புறம் கூழ் ஒரு வாய், கருவாடு ஒரு கடி, சின்ன வெங்காயம் ஒரு கடி. கண்ணை மூடிக்கொண்டு தின்றாய். கோயிலில்கூட நீ அப்படிக் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, உடனே பாதியைப் பிட்டு நீட்டினாய்.

“வா, ஆரோக்கியம். ஆறிப்போனா நல்லா இருக்காது.”

தின்றுகொண்டே, மலைமேல் இருந்த ராஜாவுக்கு இதெல்லாம் கிடைத்திருக்குமா என்று கேட்டேன். நீ கொல்லைப்பக்கம் தெரிந்த ராஜகிரிக் கோட்டை மலையை ஒரு பார்வை பார்த்தாய்.

“இத துன்னிருந்தா அவன் கோட்டைய வுட்டுட்டுப் போயிருப்பானா?”

எனக்குப் புரைக்கேறிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த கூட்டு நமக்கு.

உனக்கு எல்லாவற்றிலும் ஒரு ருசி உண்டு. களி கிண்டின சட்டியின் அடியில் பிடித்த காந்தலுக்கு என்னோடு சண்டை போடுவாய். மல்லாட்டை பிடுங்கும் நாளில், மண் ஒட்டின பச்சைக் கடலையை அங்கேயே உரித்து வாயில் போட்டு, பால் வருது பாரு என்று எனக்கும் ஊட்டுவாய். காய்களைக் கொல்லைப் பாறையில் காயப்போட்டுச் சாயங்காலம் கூட்டி அள்ளின பிறகு, அந்தப் பாறையிலேயே மல்லாந்து படுப்பாய். பகலெல்லாம் வெயில் குடித்த கல், இருட்டுகிற வரைக்கும் சூடு விடாது. வெளியூர்க்காரர்கள் இந்தச் சூட்டைத் திட்டுவார்கள். நீ இடுப்பை அந்தக் கல்லில் அழுத்தி, “கல்லுச் சூட்டுக்கு ரேசன் கெடையாது, நல்லாப் படுத்துக்கோ” என்பாய். வயசு வந்த பெண்கள் வெட்டவெளியில் படுத்துக் கிடக்கிறார்களே என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். நீ எழுந்து, சேலையைத் தட்டி, அவள் தலை மறைந்ததும் திரும்பப் படுத்துக்கொள்வாய்.

அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது உங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தாறு மாசம்கூட ஆகவில்லை. மழை ஏமாற்றிவிட்ட வருஷம். திண்டிவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், போனான், எடுத்துக்கொண்டார்கள். முதலில் கார்டு வந்தது. பிறகு பர்மாப் பக்கம் அனுப்பிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் கார்டும் இல்லை, கருமமும் இல்லை.

அந்தத் தபசு காலம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். விபூதிப் புதன் பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார். ஆண்டவருக்கு ஒறுத்தல் செய்கிறேன் என்று பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டு வராதீர்கள், மனசுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை விடுங்கள் என்றார். அவர் வருஷா வருஷம் சொல்வதுதான். எல்லோரும் வருஷா வருஷம் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, விட்டால் வலிக்காததாகப் பார்த்து ஒன்றை விடுவோம். நீ அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாய். சுத்தபோசன நாளில் கறிதான் ஆகாது, கருவாட்டைச் சாமியாரே தடுப்பதில்லை. நீயோ அந்தக் கருவாட்டை விட்டாய். அண்ணன் உயிரோடு வர வேண்டுமென்று மாதா பீடத்தில் நேர்ந்துகொண்டு வந்தாய்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாஸ்காத் திருநாள் வந்தது. நாற்பது நாள் ஒருசந்தி நோன்பு முடிந்து ஊரே கறிச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. உனக்கென்று நான் சந்தையில் பார்த்துப் பார்த்து மரக்காணத்து வாளை வாங்கி வைத்திருந்தேன். நீ தொடவில்லை. “அவரு வரட்டும்” என்றாய். ஆண்டவரே உயிர்த்து எழுந்தாயிற்று, உனக்கென்ன என்று கேட்டேன். சிரித்தாய். கை நீளவில்லை.

கார்டு வராத ஒவ்வொரு மாசமும் நீ இன்னொன்றை விட்டாய். முதலில் காந்தல். சட்டியைச் சுரண்டிக் கோழிக்குப் போட்டாய். அப்புறம் தலையில் கனகாம்பரம். கடைசியில் அந்தப் பாறை. மல்லாட்டை அள்ளின சாயங்காலம் நான் போய்ப் படுத்துக்கொண்டு கூப்பிட்டேன். நீ கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறையின் ஓரத்தில் நின்றாய், கால்கூட வைக்கவில்லை.

“இதையுமா நேந்துக்கின?” என்றேன்.

“எனக்கு இருக்கிறதே இவ்ளோதான், ஆரோக்கியம். இத வுட்டா வேற இன்னாத்த குடுப்பேன்?”

கோபத்தில் உன் கூடையைப் பிடுங்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அண்ணன் எனக்கும் அண்ணன்தான். ஆனால் கருவாட்டு முள்ளையும் களிக் காந்தலையும் வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்புகிற தேவன் என்ன தேவன் என்று எனக்கு இருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. நீ ஒவ்வொன்றாக விட விட அவளுக்கு உன்மேல் பிரியம் கூடியது. தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். வாயிலோ எப்போதும் வெற்றிலை. அந்த வெற்றிலையை அவள் விடவில்லை என்பதை நான் சொல்லிக் காட்டியும் இருக்கிறேன், அறையும் வாங்கியிருக்கிறேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு உனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் செஞ்சியில் காய்ச்சல் இல்லாத வீடு ஏது? ஆஸ்பத்திரியில் கொய்னா மாத்திரை இல்லை, எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்றார்கள். சீசாவில் சிவப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு நாள் நடுக்கம், ஒரு நாள் அனல். ஏற்கெனவே வாயைக் கட்டிக் கட்டி நீ பாதியாக இருந்தாய். கஞ்சி வைத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் கசக்கிறது என்றாய். ஒரு காலையில் என் கையைப் பிடித்து இழுத்தாய். காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

“ஒரு துண்டு வாள சுட்டுக் குடேன்.”

காய்ச்சல் வாய்க்குக் கருவாடு கேட்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்டாயே என்று நான் சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி. அம்மாவிடம் ஓடினேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது. காய்ச்சலில் பிதற்றுகிறாள், கொடுக்காதே என்றாள். நேர்ந்துகொண்டதை உடைத்தால் அங்கே அவனுக்கு என்ன ஆகுமோ என்றாள். அவள் நடித்ததாகச் சொல்ல மாட்டேன்.

நான் மழையில் நனைந்துகொண்டே கோயிலுக்குப் போய்ச் சாமியாரைக் கேட்டேன். நோயாளியை எந்த நேர்ச்சையும் கட்டாது, சாப்பிடச் சொல், நான் சொன்னதாகச் சொல் என்றார். பாவம், அவருக்கு நீ செய்துகொண்டிருந்தது எதுவும் தெரியாது. அவ்வளவையும் விட்டாளா என்று கேட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“சாமியாருக்கு இன்னா? அவருக்குப் புள்ளையா குட்டியா?”



மறுநாள் மழை விட்டது. சிங்கவரத்து நிலத்தில் தண்ணீர் கட்டி நிற்கிறது, வடித்துவிட்டு வருகிறேன் என்று அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். பரணில் பானைக்குள் கட்டிவைத்திருந்த வாளையை எடுத்தேன். எனக்கும் பயம்தான் அண்ணி. எங்கேயோ காட்டில் அண்ணன் துப்பாக்கியோடு நடக்கிறான், நான் இங்கே இதைத் தணலில் வைத்தால் அவன்மேல் குண்டு விழுமோ என்று இருந்தது. இருந்தாலும் வைத்தேன். அவன் எங்கேயோ இருந்தான். நீ கண்ணெதிரே இருந்தாய்.

கருவாட்டை ஒளித்துச் சுட முடியுமா? வீடு நிறைந்து, தெரு நிறைந்தது. நீ படுத்திருந்த இடத்தில் கண்ணைத் திறந்துவிட்டாய். தட்டை எடுத்து வந்து உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு துண்டைப் பிட்டேன்.

“முள்ள எடுத்தியா?” என்றாய்.

எடுத்துவிட்டேன் என்று உன் வாய்க்குக் கொண்டுபோனேன். நீ உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாய். கெஞ்சினேன். சாமியார் சொல்லிவிட்டார் என்றேன். அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது, என் தலையில் வரட்டும் என்றேன். நீ தலையை அசைத்தாய். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, தட்டை மூக்குக்குக் கிட்டே இழுத்தாய். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாய். திரும்பத் திரும்ப இழுத்தாய். உன் முகம் பழைய மாதிரி ஆகியது, அடுப்படியில் நான் முதல் தடவை பார்த்த மாதிரி. கண்ணோரத்தில் தண்ணீர் மட்டும் வந்துகொண்டேயிருந்தது.

அப்போது அம்மா வந்து நின்றாள். பாதி வழியில் அவளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, திரும்பிவிட்டாள். தெருவிலேயே வாசனை பிடித்துவிட்டாள். காலில் சேற்றோடு உள்ளே வந்து தட்டைப் பார்த்தாள், பிட்ட துண்டைப் பார்த்தாள்.  உன் பக்கத்தில் மண்டியிட்டு, குனிந்து, உன் வாயை மோந்து பார்த்தாள்.

அதை நான் பார்த்தேன் அண்ணி. சாகிற பெண்ணின் வாயை மோந்து பார்த்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

நீ கோபப்படவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தே காட்டினாய்.

“துன்னல அத்த. மோந்துதான் பாத்தேன். மோந்து பாக்கறதுக்கு நான் நேந்துக்கல.”

அம்மா உன் காலைப் பிடித்துக்கொண்டு, என் புள்ளையக் காப்பாத்திட்ட தாயே என்று அழுதாள். எனக்கு அவள் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. அவள் எழுந்து வெளியே போய் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினாள். அன்றைக்குப் பிறகு அவள் வெற்றிலை போட்டு நான் பார்க்கவில்லை. கேட்டால் பல் வலி என்கிறாள்.

நீ என்னைப் பார்த்து, தட்டைக் கண்ணால் காட்டினாய்.

“நீ துன்னு. ஆறிப்போனா நல்லா இருக்காது. நான் பாக்கறேன்.”

தின்றேன். அழுதுகொண்டே, உன் எதிரிலேயே, முழுவதையும் தின்றேன். நீ பார்த்துக்கொண்டே படுத்திருந்தாய். நடுவில் ஒரு தரம், மெதுவா துன்னு என்றாய். அந்த வாரம் நீ தாண்டவில்லை. சாமியார் வந்து உன் நெற்றியில் அவஸ்தை எண்ணெய் பூசினார். ஈர மண்ணில் குழி வெட்டினார்கள், வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது.

அண்ணன் வந்தான். சண்டை முடிந்து, பச்சைப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, போனபோது இருந்ததைவிடச் சதை போட்டு வந்தான். நீ செத்தது அவனுக்கு முன்பே தெரியும், பட்டாளத்து ஆபீஸ் வழியாகத் தந்தி போய்ச் சேர்ந்திருந்தது. தெருவே கூடி, பெண்டாட்டி வாயைக் கட்டிப் புருஷனைக் கொண்டுவந்துவிட்டாள் என்றது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். கோயில் தெருவிலிருந்து போன இன்னொருவனும்தான் திரும்பி வந்தான். அவனுடைய அம்மா ஒரு நாளும் எதையும் விட்டதில்லை. அதைச் சொன்னால் எனக்கு விசுவாசம் இல்லை என்கிறார்கள்.

அம்மா அவனை உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நீ நேர்ந்துகொண்டது, பாஸ்காவுக்கும் தொடாமல் இருந்தது, கடைசியில் மோந்து பார்த்தது. அவன் கையில் சோறு அப்படியே நின்றது. நானும் கதவோரமாக நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுக்கும் இவன் என்ன சொல்லப்போகிறான் என்று இருந்தது.

“கருவாடா? அவளுக்குக் கருவாடு புடிக்குமா இன்னா?”

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அவன் தின்று கை கழுவி எழுந்து போன பிறகுதானே நீ தணலை முன்னால் இழுப்பாய். புதுப் பெண், மாமியார் வீடு, புருஷன் எதிரே கருவாட்டைக் கடித்துக்கொண்டா உட்கார முடியும்?  அன்றைக்குச் சாயங்காலம் அவன் கொல்லைப்பக்கம் என்னைத் தேடி வந்தான். வேறு என்னவெல்லாம் அவளுக்குப் பிடிக்கும் என்று கேட்டான். இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். இருட்டுகிற வரைக்கும் அவன் பாறை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அதுதான் உன் பாறை என்று நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண். சந்தைக்குப் போகும்போதெல்லாம், உனக்கு இன்னா வேணும் என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் போகிறான். கேட்கக் கற்றுக்கொண்டான். அதற்கு நீ செத்திருக்க வேண்டியதில்லை.

நான் இதே செஞ்சியில் நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டேன். தபசு காலத்தில் ஒருசந்தி இருக்கிறேன், சிலுவைப் பாதைக்குப் போகிறேன். பிடித்ததை மட்டும் விடுவதில்லை. பங்குச் சாமியார் மாறிவிட்டார், புதியவரும் அதே பிரசங்கத்தைத்தான் வைக்கிறார். அந்த இடம் வரும்போது நான் எழுந்து வெளியே போய் நிற்கிறேன். உனக்கு எவ்வளவு கருகினால் பிடிக்கும், கூழில் உப்பு எவ்வளவு, பாறையில் எந்தப் பக்கம் தலை வைப்பாய் என்பதெல்லாம் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். சில நாள் அது எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. நானும் போய்விட்டால் நீ வெறும் நேர்ச்சைக்காரியாகத்தான் மிஞ்சுவாய்.

மத்தியானம் பச்சையம்மா படைத்த கருவாட்டில் எனக்கும் ஒரு துண்டைத் தணலில் மறுபடி சூடு காட்டிக் கொண்டு வந்தாள். வேதக்காரிக்கு ஆகுமா என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். உன் நைனா வந்து சாப்பிட்டாரா என்று கேட்டேன், கேலியாகத்தான் கேட்டேன். அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அவங்க எங்க துன்னப் போறாங்க? வாசனைய மட்டும் எடுத்துக்குவாங்க. மீதி நமக்குத்தான்.”

அவள் போன பிறகு கதவைச் சாத்தினேன். தட்டைத் தரையில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். செய்யக்கூடாது என்று தெரியும். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. சூடு இருந்தது, ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முள்ளை உருவி வைத்தேன். தொடாமல் காத்திருந்தேன். வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒன்றுமே இல்லாமல் போன பிறகு எடுத்து வாயில் வைத்தேன்.

ஆறிப்போனால் நன்றாகத்தான் இல்லை, அண்ணி.